சிவப்பு நகைப்பெட்டி: டெக்சாஸ் மூதாட்டிகள் கொலை வழக்கும் நம் ஊர்க் கல்யாணச் சாவுகளும்

2018 மார்ச் 20. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடம். கையிலிருந்த ஒரு கார் எண்ணை நம்பிப் பக்கத்து ஊரான பிளேனோவின் போலீசார் அங்கே காத்திருந்தார்கள். வந்த ஆள் ஒரு சிவப்பு நகைப்பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். உடனே மடக்கிப் பிடித்தார்கள். அவரிடம் ரொக்கமும் நகைகளும் இருந்தன. குப்பையிலிருந்து எடுத்த பெட்டியோ ஒரு பெண்ணின் பெயரைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போலீசார் டாலஸில் இருந்த வீட்டுக்குப் போனார்கள். படுக்கையறையில் 81 வயது மூதாட்டி இறந்து கிடந்தார். அங்கிருந்த தலையணையில் உதட்டுச் சாயம் அப்பியிருந்தது.

பிடிபட்டவர் பில்லி செமிர்மிர். கென்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். வேறொரு பெயரில் வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். 2016 ஏப்ரலுக்கும் 2018 மார்ச்சுக்கும் இடையே 22 மூதாட்டிகளைக் கொன்றதாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. டாலஸ் மாவட்டத்தில் 13 வழக்குகள், கோலின் மாவட்டத்தில் 9. இவற்றில் 2 வழக்குகளில் மட்டுமே நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. மற்ற 20-ம் குற்றச்சாட்டாகவே நின்றுவிட்டன. இந்த வேறுபாட்டை மறக்காமல் எழுத வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வழக்கை நான் பல மாதங்களாகப் படித்துவருகிறேன். கொலையாளியின் மனம் எப்படிப்பட்டது என்ற ஆராய்ச்சியில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டு ஆண்டுகள், 22 மரணங்கள், அத்தனையும் ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கும் ஊர்களில். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது, பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், பல வீடுகளுக்குப் போலீசும் வந்திருக்கிறது. இருந்தும் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு தர்மபுரியிலிருந்து தினமும் போன் செய்கிற மகன் நான். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

உண்மை வெளியே வந்தது ஒரு மூதாட்டி பிழைத்ததால்தான். பிடிபடுவதற்கு முந்தைய நாள், மார்ச் 19, பிளேனோவில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 91 வயதுப் பெண்ணின் கதவைச் செமிர்மிர் தட்டியிருக்கிறார். திறந்த அந்த அம்மாள் முதலில் பார்த்தது பச்சை நிற ரப்பர் கையுறைகளை. ஆபத்து என்று அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. கதவைத் தள்ளி மூடப் பார்த்திருக்கிறார், பலம் போதவில்லை. எதிர்க்காதே, போய்க் கட்டிலில் படு என்று உத்தரவு. பிறகு முகத்தின் மேல் தலையணை. மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தவரைத் தோழி ஒருவர் பார்த்துச் சத்தம் போட, மீட்புக் குழுவினர் உயிரை மீட்டார்கள். நினைவு திரும்பியதும் அவர் நடந்ததைச் சொன்னார். கல்யாண மோதிரம் போய்விட்டது என்பதையும் சொன்னார். அந்தப் பகுதியில் சந்தேகப்படும்படி சுற்றிய ஒரு காரைப் பற்றி முன்பே வந்திருந்த தகவல் போலீசிடம் இருந்தது. அடுத்த நாளே ஆள் சிக்கினார்.

அந்த அம்மாள் பிழைக்காமல் போயிருந்தால்? 91 வயது, தூக்கத்தில் உயிர் பிரிந்தது என்று எழுதி முடித்திருப்பார்கள். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. மற்ற வீடுகளில் அப்படித்தான் எழுதி முடித்தார்கள்.

முறை மிக எளிமையானது. முதியோர் குடியிருப்புகளுக்குள் பராமரிப்பு ஊழியர்போல, குழாய் பழுது பார்க்க வந்தவர்போல நுழைவது. தனியாக இருக்கும் பெண்ணின் கதவைத் தட்டுவது. தலையணையால் அழுத்துவது. மோதிரம், சங்கிலி, கைவளையல் என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய், பழைய தங்கம் வாங்கும் கடைகளிலும் இணைய வழியிலும் விற்பது. ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டபடி, இறந்த பெண்ணின் கணவருக்குப் பராமரிப்பாளராக அதே வீட்டில் முன்பு வேலை பார்த்தவர் அவர். எந்த அறையில் கட்டில், எந்த அலமாரியில் பெட்டி என்று தெரிந்த ஆள். 2016-லேயே ஒரு முதியோர் குடியிருப்புக்குள் அத்துமீறி நுழைந்ததற்காகக் கைதாகியிருக்கிறார். அது சின்னக் குற்றம். சின்னத் தண்டனையோடு முடிந்தது. அந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை, அந்த மாதங்களில் அதுபோன்ற இடங்களில் யார் யார் இறந்தார்கள் என்று சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

நகை காணாமல் போனது தெரியாமல் இல்லை. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். மகள்கள் பார்த்தார்கள். அம்மா ஒருநாளும் கழற்றாத கல்யாண மோதிரம் விரலில் இல்லை என்று கண்டார்கள், கேட்டார்கள், சிலர் போலீசிலும் சொன்னார்கள். ஆனால் நகை போனது திருட்டுக் கணக்கு, அம்மா போனது முதுமைக் கணக்கு என்று இரண்டும் தனித்தனித் தாள்களில் ஏறின. ஆம்புலன்ஸ் ஊழியர் திருடியிருக்கலாம், பிணத்தை எடுத்துச் சென்றவர்கள் எடுத்திருக்கலாம் என்று குடும்பங்கள் தமக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டன. பெரும்பாலான உடல்களுக்குப் பிரேதப் பரிசோதனையே நடக்கவில்லை. ஒரே குடியிருப்பில் மாதக்கணக்கில் அடுத்தடுத்து மூதாட்டிகள் இறந்தும், ஒரு வீட்டுத் துயரம் அடுத்த வீட்டுக்குத் தெரியவில்லை. கைதுக்குப் பிறகு, யாரும் அருகில் இல்லாதபோது இறந்த சுமார் 750 மூதாட்டிகளின் மரணங்களை மறுபடி எடுத்துப் பார்ப்பதாக அந்தப் பகுதிப் போலீசார் அறிவித்தார்கள். முதலில் பார்த்தபோது இயற்கை மரணம் என்று மூடிய கோப்புகள் அவை.

நம் ஊரில் இதற்கு ஓர் அழகான பெயர் உண்டு. கல்யாணச் சாவு. பேரன் பேத்தி எடுத்து, எண்பதைத் தாண்டிப் போனால் அழக்கூடாது. மேளம், பட்டாசு, பூப்பல்லக்கு. வாழ்ந்து முடித்த உயிரை மரியாதையோடு அனுப்பும் வழக்கம் அது, எனக்கும் பிடித்த வழக்கம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கதவு சாத்தப்படுகிறது என்பதை டெக்சாஸ் வழக்கைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். எண்பது என்று கேட்டதும் எப்படி என்ற கேள்வி நின்றுவிடுகிறது. நாற்பது வயதுப் பெண் கட்டிலில் இறந்து கிடந்தால் ஊரே கேட்கும். எண்பது வயதுப் பெண் கிடந்தால், கொடுத்துவைத்தவள், ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் போய்விட்டாள் என்போம்.

என் அத்தை இறந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன். பென்னாகரம் பக்கம், காட்டு வீடு. மாமா போன பிறகு ஆடு இரண்டும் அவருமாக இருந்தார். பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலை. ஒருநாள் காலையில் பால் வாங்க வந்தவர் பார்த்துச் சொல்லி அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தேய்த்த கையோடு வெளியே வந்த சித்தி, ஒரு காதில் கம்மல் இல்லை என்று என் காதில் மட்டும் சொன்னார். கழன்று விழுந்திருக்கும் என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். திருகு கழன்றிருந்ததா, காது மடல் கிழிந்திருந்ததா, உதட்டின் உள்பக்கம் ஏதேனும் காயம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. மதியத்துக்குள் எடுத்துவிட்டோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அரிசி அளக்கும்போது பானைக்குள் அந்தக் கம்மல் கிடைத்தது. திருகு தேய்ந்துபோனதால் அத்தையே கழற்றி ஒரு துணியில் முடிந்து போட்டுவைத்திருக்கிறார். அத்தையின் சாவு இயற்கையானதுதான், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கம்மல் கிடைக்கும்வரை இருந்த அந்தப் பதினைந்து நாளில் அது எனக்கு எப்படித் தெரிந்திருந்தது? தெரியாது. தெரியாமலேயே தீ வைத்தோம்.

மூச்சை அடைத்துக் கொல்வதில் இதுதான் பயங்கரம். நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு: தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த மூதாட்டியைத் தாக்கிக் கொன்று நகை பறிப்பு. போலீஸ் மொழியில் ஆதாயக் கொலை. அங்கே ரத்தம் இருக்கும், உடைந்த பூட்டு இருக்கும், மோப்ப நாய் வரும். தலையணை அப்படி எதையும் விட்டுவைப்பதில்லை. கண்ணிமையின் உள்பக்கம் ஊசி முனை அளவுச் செம்புள்ளிகள், உதட்டின் உள்பக்கம் பல் அழுந்திய கன்றல், இவை இருக்கலாம். தளர்ந்த உடலில், எதிர்க்கப் பலமில்லாதவரிடத்தில், இல்லாமலும் போகலாம். தேடிப் பார்க்கிற கண்ணுக்கே தெரியாமல் போகக்கூடிய தடயம், தேடாத கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

விசாரணையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 81 வயதுப் பெண்ணின் கொலை வழக்கு முதலில் 2021 நவம்பரில் நடந்தது. ஜூரிகளில் 11 பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். ஒருமித்த முடிவு வராததால் விசாரணை செல்லாமல் போனது. 2022 ஏப்ரலில் மறுவிசாரணை. இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அந்தப் பெண் வால்மார்ட் கடையில் பொருள் வாங்கியபோது செமிர்மிரும் அங்கே இருந்ததைக் கண்காணிப்புக் கேமரா காட்டியது. அமெரிக்காவில் அரிதாகவே புழங்கும் இரண்டு டாலர் நோட்டுகளை ஆசையாகச் சேர்த்துவைத்திருந்தவர் அந்த மூதாட்டி. பிடிபட்டவரிடம் அந்த நோட்டுகள் இருந்தன. பிழைத்த 91 வயது அம்மாள் 2020-லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் முன்கூட்டிப் பதிவு செய்து வைத்திருந்த அவருடைய சாட்சியம் நீதிமன்றத்தில் திரையில் ஓடியது. குற்றம் உறுதியானது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. அக்டோபரில் 87 வயதுப் பெண் ஒருவரின் கொலையிலும் அதே தீர்ப்பு. தான் கொலைகாரன் அல்ல என்றே கடைசிவரை அவர் சொல்லிவந்தார். 2023 செப்டம்பர் 19 அன்று சிறையில் உடன் இருந்த கைதியால் கொல்லப்பட்டார்.

மீதி வழக்குகளின் குடும்பங்களுக்கு நீதிமன்றத்தில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஆயுள் தண்டனை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று சட்டம் கணக்குப் பார்க்கலாம். என் அம்மாவின் பெயரை ஒரு நீதிபதி வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று காத்திருக்கும் மகளுக்கு அந்தக் கணக்கு புரியாது. புரியவேண்டிய அவசியமும் இல்லை.

இது டெக்சாஸின் தனி நோய் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஹைட் நகரில் குடும்ப மருத்துவராக இருந்த ஹெரால்ட் ஷிப்மன் 15 கொலைகளுக்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். பிறகு அமைந்த விசாரணை ஆணையம் 215 பேரை அவர் கொன்றதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் மூதாட்டிகள். மருந்தை ஊசியில் ஏற்றிக் கொன்றவரே இறப்புச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார். முதலில் சந்தேகப்பட்டவர்களில் அந்த ஊரில் இறுதிச்சடங்கு நடத்திக்கொடுக்கும் குடும்பத்தாரும் உண்டு. இந்த மருத்துவரின் நோயாளிகள் மட்டும் ஏன் வழக்கமான உடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோகிறார்கள் என்று அவர்கள் கண் கேட்டது. 1998 மார்ச்சில் புகார் போனது, போலீஸ் மேலோட்டமாகப் பார்த்து மூடியது, அதன் பிறகும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். கனடாவில் எலிசபெத் வெட்லாஃபர் என்ற செவிலியர் முதியோர் இல்லங்களில் இன்சுலின் ஏற்றி 8 பேரைக் கொன்றார். அவராக வாய் திறந்திருக்காவிட்டால் அது வெளியே வந்திருக்காது என்று 2019-ல் விசாரணை ஆணையமே எழுதியது.

வசதியும் சட்டமும் மிகுந்த நாடுகளில் இதுதான் நிலைமை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும்?

கிராமத்தில் வீட்டில் நிகழும் மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர். கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவர் இருந்தால் அவர் காரணம் எழுதிக் கொடுக்கவேண்டும். வைத்தியமே பார்க்காமல் போன உயிருக்கு வீட்டார் சொல்வதுதான் காரணம். வயது மூப்பு, நெஞ்சுவலி. சந்தேகம் என்று யாராவது சொன்னால்தான் போலீஸ் வரும். சந்தேக மரணங்களைப் போலீஸ் விசாரிப்பதற்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 194 ஆகிவிட்டது என்றாலும், மக்கள் வாயில் இன்னும் 174-தான். 174 போட்டால் உடலை அறுப்பார்கள், ஒரு நாள் போய்விடும், ஊர் பேசும். எண்பது வயது ஆயாவை அறுக்க எந்த மகன் ஒப்புவான்? நானும் ஒப்பியிருக்கமாட்டேன். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அறுப்பதற்கும் ஒன்றுமே கேட்காமல் இருப்பதற்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு அது புதிய பாடமும் இல்லை. கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன், ஒன்றாக இருந்த தர்மபுரியின் பெயர் பெண் சிசுக்கொலையோடு சேர்த்தே பேசப்பட்டது. பிறந்து சில நாளில் பெண் குழந்தை இறந்தால் அதையும் ஊர் இயல்பாகவே ஏற்றுக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அந்தச் சாவுகளுக்குச் சமூகக் காரணங்கள் என்று பெயர் விழுந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீட்டு வாசலில் நின்று, குழந்தை எங்கே, எப்படி இறந்தது என்று கேட்டார்கள். கேட்டதற்காக வசை வாங்கினார்கள், மறுபடியும் போய்க் கேட்டார்கள். பிறந்த உயிருக்காக அப்படிக் கேட்கப் பழகிய மண் இது. வாழ்ந்து முடிக்கிற உயிருக்காகவும் கேட்கலாம். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முதியவர்களை அனுப்பிவைத்த கொடுமையும் யாரும் கேட்காததால் நீடித்ததுதான்.

பராமரிப்பாளர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஓசூரில், கிருஷ்ணகிரியில், இங்கே தர்மபுரி நகரத்திலும் வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளை முகம் சுளிக்கும் வேலையைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்பவர்கள் அவர்கள். டெக்சாஸில் ஒருவர் கொன்றார் என்பதற்காக இவர்களைத் திருடரைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் அதைவிட அநியாயம் இல்லை. வேலைக்கு வைக்கும் முன் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளம் வழியாகப் பின்னணி சரிபார்க்கலாம். அதற்கு அப்பால் ஆதார் அட்டையில் உள்ள முகமும் வந்து நிற்கும் முகமும் ஒன்றா என்று பார்ப்பது, சொந்த ஊருக்கு ஒருமுறை போன் செய்வது, அக்கம்பக்கத்தாருக்கு அவரை அறிமுகப்படுத்துவது ஆகியவை அந்தப் பெண்ணுக்கும் மரியாதை, பாதுகாப்பு. செமிர்மிர் வேலை பார்த்தது வேறொரு பெயரில் என்பதை நினைவில் வையுங்கள். முதியவர்களுக்கு எந்தத் தொல்லை என்றாலும் 14567 என்ற உதவி எண் இருக்கிறது. என் அம்மாவின் போனில் முதல் எண்ணாகப் பதிந்து கொடுத்திருக்கிறேன்.

என் கண்ணுக்கு முக்கியமாகத் தெரிகிறவர்கள் உடலைக் குளிப்பாட்டும் பெண்கள். ஒவ்வொரு ஊரிலும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். எந்த மருத்துவரும் பார்க்காத இடத்தை அவர்கள் பார்க்கிறார்கள். முதுகு, அக்குள், காது மடல், வாய்க்குள். ஹைட் நகரத்து இறுதிச்சடங்குக் குடும்பத்துக்கு இருந்த கண் இவர்களுக்கும் உண்டு. பார்த்ததை வெளியே வந்து சொன்னால் கேட்க ஆள் வேண்டும். என் சித்தி சொன்னார். கேட்க நான் அங்கே இருந்தும் கேட்கவில்லை.

டெக்சாஸ் குடும்பங்கள் தேடித் தேடி ஒன்றுசேர்ந்தன. ஒருவர் அம்மாவின் மோதிரத்தைச் சொல்ல, இன்னொருவர் தன் அம்மாவின் சங்கிலியைச் சொன்னார். முதியோர் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், சட்டமன்றத்தின் படியேறினார்கள். இறப்புச் சான்றிதழில் மரணத்தின் காரணம் மாற்றப்பட்டால் நெருங்கிய உறவினருக்கு அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 2021-ல் அங்கே வந்தது. தாயின் சாவு கொலை என்று பதிவேட்டில் மாறியதுகூடத் தெரியாமல் இருந்த பிள்ளைகளின் வேதனையில் பிறந்த சட்டம் அது. இங்கிலாந்தில், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத எல்லா மரணங்களையும் தனி மருத்துவர் ஒருவர் சரிபார்க்கும் முறை 2024 செப்டம்பர் 9 முதல் கட்டாயமானது. ஷிப்மன் தீர்ப்பு வந்து 24 ஆண்டுகள் கழித்து.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் நகைகளை எடுத்துவரச் சொல்லிப் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். நான் போன பிறகு பங்கு பிரிக்கவா என்று அம்மா கேட்டார். சிவப்பு நகைப்பெட்டியின் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பச்சைக் கையுறையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மூக்குத்தியைத் திருகிக் கழற்றி, பாயின் ஓரத்தில் வைத்து, பின்பக்கத் திருகில் ஆசாரி போட்ட குறி தெரிகிற மாதிரி எடு என்றார்.